உயர்தர விஞ்ஞானம் படிக்க தோட்டத்துப் பிள்ளை எங்கே போவது? – கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் செயலாளருக்கும், மத்திய, ஊவா, சப்ரகமுவ, தென், மேல் மாகாணக் கல்வித் திணைக்களங்களின் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் நீண்ட காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்ததும் வலயக் கல்விப் பணிமனைகளில் ஒரு கூட்டம் நடக்கும். தோட்டப் பாடசாலைகள் ஏன் பின்தங்கி நிற்கின்றன என்று அங்கே கேட்பார்கள். வருகிற பதில்களும் பெரிதாக மாறுவதில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை, பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, கொழுந்து கூடுகிற மாதங்களில் மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுகிறது, அப்பா குடிக்கிறார். இவற்றில் எதையும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனையையும் தாண்டிப் படித்து, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி எடுத்த பிள்ளைக்கு அடுத்ததாக என்ன நடக்கிறது என்று அந்தக் கூட்டங்களில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கத்தான் இந்த மடல்.

அந்தப் பிள்ளை படித்த பாடசாலை அநேகமாக வகை 2ஆக இருக்கும். தரம் 11உடன் அங்கே வகுப்புகள் முடிந்துவிடும். பக்கத்து நகரத்தில் உயர்தரம் (தரம் 12, 13) உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலை இருந்தாலும் அது பெரும்பாலும் 1 சி என்ற வகை. கலையும் வர்த்தகமும் படிக்கலாம். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் படிக்க வேண்டுமென்றால் 1 ஏபி பாடசாலை வேண்டும். நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் 1 ஏபி ஏறக்குறைய ஆயிரம். தோட்டப் பாடசாலைகள் எண்ணூறுக்கு மேல் இருந்தும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை வகை 2, வகை 3. வகை 3 என்றால் சில இடங்களில் தரம் 5 வரை, சில இடங்களில் தரம் 8 வரை. ஆக, ஒரு பிள்ளை வைத்தியராகலாமா, பொறியியலாளராகலாமா என்பதில் பெரிய பங்கை அது பிறப்பதற்கு முன்பே ஒரு கோப்பில் எழுதப்பட்ட பாடசாலை வகை தீர்மானித்துவிடுகிறது.

என்னிடம் படித்த பல பிள்ளைகள் இருபடிச் சமன்பாடுகளை நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்கு முன்பே வாயால் தீர்த்துச் சொன்னவர்கள். அவர்களில் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் தமிழ், இந்து நாகரிகம், புவியியல் என்று கலைப்பிரிவுக்குப் போனார்கள். கலைப்பிரிவை நான் தாழ்த்திப் பேசவில்லை. மலையகத்தின் நல்ல ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான். விரும்பிப் போவது நல்லது, வேறு வகுப்பறையே இல்லாததால் போவது அப்படியல்ல. பிறகு, மலையக இளைஞர்கள் ஏன் எல்லோரும் கலைப் பட்டம் பெற்றுவிட்டு வேலை கேட்டு நிற்கிறார்கள் என்று கொழும்பில் கருத்தரங்கு நடத்துகிறோம். அவர்கள் முன்னால் விரித்து வைத்தது ஒரேயொரு பாதைதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, நகரத்துப் பெரிய பாடசாலைக்கு முதலாம் தரத்திலேயே அனுப்பலாமே என்று கேட்கலாம். அமைச்சு வெளியிடும் முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையை ஒரு தோட்டத் தொழிலாளியின் கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட காலமாக இருந்துவரும் பங்கீட்டில் இடங்களில் பாதி பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. நான்கில் ஒரு பங்கு பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. பதினைந்து வீதம் ஏற்கனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு. எஞ்சியதில் கல்வித்துறை ஊழியர்களின் பிள்ளைகள், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர்களின் பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள். இந்த வரிசையில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழும் குடும்பம் எந்த இடத்தில் நிற்கும்?

அருகில் வசிப்பதை நிரூபிக்க உறுதிப்பத்திரத்துக்கு அதிக புள்ளி. தோட்டத் தொழிலாளிக்கு வீட்டு உறுதி கிடையாது. நான்கைந்து தலைமுறையாக அதே லயத்தில் இருந்தாலும் அந்தக் காம்பரா தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில். நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு. காணி உரிமையும் தனி வீடும் தருவதாகப் பல அரசாங்கங்கள் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கிறோம். கொஞ்சப் பேருக்குக் கிடைத்தது, பெரும்பாலானவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். வீட்டுரிமை இல்லாதது கல்வியுரிமையையும் சேர்த்துப் பறிக்கிறது என்பதை அந்தப் புள்ளித்திட்டத்தை எழுதியவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. பழைய மாணவர் ஒதுக்கீட்டைப் பற்றி இன்னும் நேராகவே சொல்கிறேன். தாத்தா படிக்காத இடத்தில் அப்பா படிக்க முடியவில்லை. அப்பா படிக்காத இடத்தில் பிள்ளை படிக்க முடியாது. பொது வரிப்பணத்தில் நடக்கும் ஒரு பாடசாலையின் இடத்தைப் பரம்பரைச் சொத்துப் போலக் கைமாற்றிக்கொள்ள அரசே எழுதிக் கொடுத்த அனுமதி அது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இப்படி ஒரு விதியை எப்படி வைத்திருக்க முடிகிறது?

அடுத்த வாசல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. ஏழைப் பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போக அதுதான் வழி என்று சொல்லப்படுகிறது. பத்து வயதுப் பிள்ளையை அவ்வளவு பெரிய பந்தயத்தில் நிறுத்துவது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. வெற்றி பெற்ற பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் பாடசாலையில் ஒரு மாணவி வெட்டுப்புள்ளியைத் தாண்டி நிறையப் புள்ளி எடுத்தாள். கண்டியில் ஒரு பிரபல பாடசாலைக்குத் தகுதி பெற்றாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா தோட்டத் தொழிற்சாலையில் வேலை. தகவல் வந்த அன்று லயமே கூடிப் பேசியது. விடுதியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியில் போர்டிங் வைத்துப் படிப்பிக்க அந்தக் குடும்பத்தால் முடியவில்லை. பத்து வயதுப் பெண்பிள்ளையைத் தெரியாத ஊரில் தெரியாத வீட்டில் விட அம்மாவுக்கு மனம் வரவும் இல்லை, அதற்காக அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளை எங்கள் பாடசாலையிலேயே தரம் 6க்கு வந்தாள். அதிபர் அறையில் அவள் பெயரைப் பலகையில் எழுதினோம். பெயர் எழுதியதைத் தவிர அவளுக்கு நாங்களும் அரசும் வேறு எதுவும் செய்யவில்லை.

புலமைப்பரிசில் உதவித்தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 750 ரூபாவிலிருந்து 1500 ஆக உயர்த்தியதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆனால் 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தப் போதாத கூலியோடு ஒப்பிட்டால்கூட ஒரு மாதத்து உதவித்தொகை ஒரு நாள் சம்பளத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. அதில் ஹட்டனிலோ கண்டியிலோ தங்கிப் படிக்க முடியாது. பஸ் காசுக்கே போதாது.

இனி ஆசிரியர்கள் விடயம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். உள்ளே இருந்து பார்த்தவனுக்கு மட்டுமே தெரிகிற சில சங்கதிகள் இதில் இருக்கின்றன.

மாகாணத் திணைக்களத்தின் பதிவேட்டைப் பார்த்தால் பல தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் இருப்பார். பாடசாலைக்குப் போய்ப் பார்த்தால் இருக்க மாட்டார். அவர் இன்னொரு பாடசாலைக்கு ‘இணைப்பில்’, அதாவது தற்காலிகமாக, போயிருப்பார், அல்லது பணிமனை வேலையில் இருப்பார், அல்லது நீண்ட விடுமுறையில் இருப்பார். பெயர் இங்கே கிடப்பதால் வெற்றிடம் என்று காட்ட முடியாது. வெற்றிடம் இல்லாததால் புதிய ஆளும் வர மாட்டார். நான் வேலை செய்த ஒரு பாடசாலையில் பதிவேட்டில் இரண்டு விஞ்ஞான ஆசிரியர்கள் இருந்தும், தரம் 10, 11 பிள்ளைகளுக்கு சமய பாட ஆசிரியை ஒருவர்தான் விஞ்ஞானம் கற்பித்தார். இரவில் தானே படித்துவிட்டு வந்து காலையில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய உழைப்பால் சில பிள்ளைகள் சித்தியும் பெற்றார்கள். ஆனால் ஒரு பரிசோதனையும் நடக்கவில்லை. அமிலமும் காரமும் பாசிச்சாயத் தாளில் காட்டுகிற நிறமாற்றத்தை அந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்தார்கள். பரீட்சை வினாத்தாள் மட்டும் கொழும்பு ரோயல் கல்லூரிப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நியமனம் பெற்று வருகிற கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் சிலர் கோபமாகப் பேசுவார்கள். அந்தக் கோபத்தில் நான் சேர்ந்துகொள்வதில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மழையில் மலை ஏறி வர வேண்டிய பாடசாலை, தங்குவதற்கு ஆசிரியர் விடுதி இல்லை, வாடகைக்கு எடுக்க வீடு இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒரு ஆசிரியை எத்தனை வருடம் அப்படி இருப்பார்? அவர் போனதைக் குறை சொல்வதைவிட, அவர் தங்குவதற்கு ஒரு வீடு கட்டாதவர்களைக் கேட்பதுதான் நியாயம்.

எங்கள் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கிய முயற்சிகளும் நடந்தன. 80களில் ஸ்வீடன் அரசின் உதவியோடு தோட்டப் பாடசாலைக் கட்டடங்கள் எழும்பின, தோட்டத்து இளைஞர்கள் ஆசிரியர் நியமனம் பெற்றார்கள். 90களில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. மலையகத்தில் இன்று இருக்கிற நடுத்தர வர்க்கத்தில் ஒரு பெரிய பங்கு அந்த இரண்டு காரியங்களால் உருவானது, அதை யாரும் மறக்கக்கூடாது. ஆனால் அப்புறம் வந்ததைப் பாருங்கள். 2015ஐ ஒட்டி மூவாயிரம் பேரளவில் ஆசிரியர் உதவியாளர்களை மாதம் 6000 ரூபா கொடுப்பனவில் சேர்த்தார்கள். பின்னர் அதை 10,000 ஆக்கினார்கள். அந்தப் பணத்தில் பஸ் ஏறிப் போய், முழு நேர ஆசிரியரின் வேலையைச் செய்து, பயிற்சியும் முடித்து, நிரந்தர சேவைக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் பலர் என் மாணவர்கள். கொழும்பில் ஒரு கடையில் நின்றாலே அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார்கள். நாட்டின் எந்த நகரத்துப் பெற்றோரும் தங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியருக்கு அரசு இப்படி ஒரு கொடுப்பனவு தருவதைப் பொறுத்திருக்க மாட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு என்றபோது அது போதும் என்று கருதப்பட்டது.

இது தற்செயலாக நடப்பதல்ல என்று நான் நினைப்பதற்குக் காரணம் வரலாறு. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமார் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க வேண்டும் என்றது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொஞ்சம் இறுக்கியது. நடைமுறையில் அது ஒரு ஓலைக் கொட்டகை அல்லது தொழிலாளரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் ஒரு பக்கம், ஒற்றை ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி வேண்டும், அதற்கு மேல் படித்தவன் மலையில் நிற்க மாட்டான் என்பதுதான் கணக்கு. 1945இல் நாடு முழுவதும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. 1948இல் எங்கள் மக்களின் குடியுரிமை போனது, அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாத மக்களின் பாடசாலையைப் பற்றி எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் கவலைப்படுவார்? 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் எங்களுடையவை வெளியில் நின்றன. 70களின் கடைசியில்தான் அவை பெருமளவில் அரசின் கைக்கு வரத் தொடங்கின. ஏறத்தாழ முப்பது வருடம், ஒரு முழுத் தலைமுறை, நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வகுப்பறையில் இருக்கிறார்கள்.

பாடசாலைக்குப் போகும் வீதியில்கூட இதே கதைதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் ஒரு வீதியைச் செப்பனிடக்கூடப் பிரதேச சபைகளுக்குச் சட்டத் தடை இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலில் மலைகள் சரிந்தபோது, எந்தப் பாதையை யார் திருத்துவது என்ற பழைய குழப்பம் பல இடங்களில் திரும்பவும் தலை தூக்கியது.

இன்னொரு காரியத்தையும் யோசித்துப் பாருங்கள். நகரத்துத் தேசிய பாடசாலைக்கு ஒரு கட்டடம் வேண்டுமென்றால் பழைய மாணவர் சங்கம் கட்டிக் கொடுக்கும். லண்டனிலும் மெல்பேர்னிலும் கிளை இருக்கும். எங்கள் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள், வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்கிறார்கள், மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். அவர்களும் திருவிழாவுக்கு ஊர் வரும்போது ஆயிரம், ஐந்நூறு கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ரசீதுப் புத்தகங்களில் அதைப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி வறுமை நகரத்தில் 6 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். அது பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு. பெற்றோரும் பழைய மாணவர்களும் இட்டு நிரப்பட்டும் என்று அரசு விட்டுவைத்திருக்கும் இடைவெளியை இரண்டு இடத்திலும் ஒரே அளவில் நிரப்ப முடியாது.

இத்தனையும் ஏன் வெளியே தெரிவதில்லை? கணக்கெடுக்கிற முறையே எங்களை மறைத்துவிடுகிறது என்பது என் முடிவு. பெறுபேறுகளை மாகாணவாரியாக, மாவட்டவாரியாக, வலயவாரியாகப் பார்க்கிறோம். நுவரெலியா மாவட்டத்தின் சராசரியில் நகரத்துப் பாடசாலையும், கிராமத்துச் சிங்களப் பாடசாலையும், தோட்டத்து வகை 3 பாடசாலையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பல்கலைக்கழக அனுமதியிலும் அப்படித்தான். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு.  ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்த ஒரு பிள்ளை முதலில் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்க வேண்டும். அதற்கு வகுப்பே இல்லாதவர்களுக்குச் சலுகை எப்படிப் போய்ச் சேரும்? மாவட்டத்துக்குள் வசதியாகப் படித்தவர்களுக்குத்தான் அதில் பெரும் பங்கு போகிறது. குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளி மாவட்டங்களிலிருந்து வந்து உயர்தரத்துக்குச் சேர்கிறவர்கள் பற்றிய முறைப்பாடும் எங்கள் பகுதியில் பழையது. வருகிற பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. மாவட்டம் என்ற அளவுகோல் மிகப் பெரியது, அதன் அடியில் இருப்பவர்கள் அதில் பதிவதே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

நுவரெலியாவிலாவது எங்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது, பாராளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். தென், மேல், சப்ரகமுவ மாகாணங்களில் தெனியாய, உடுகம, மத்துகம, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அங்கே தமிழ்மொழியில் சாதாரண தரம்வரை போவதே பெரும்பாடு. உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வெகு தூரம் போக வேண்டும். அதனால் பெற்றோர் பிள்ளையைச் சிங்கள மொழிப் பாடசாலையில் சேர்க்கிறார்கள், அல்லது படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். சிங்களத்தில் படிப்பதை நான் தவறென்று சொல்ல வரவில்லை. சகோதர மொழியில் படித்து முன்னேறிய பிள்ளைகள் எத்தனையோ பேர். தாய்மொழியில் படிக்கும் உரிமை இந்த நாட்டில் எல்லோருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு, அந்த உரிமை சில மாவட்டங்களில் மட்டும் செல்லும் என்று நடைமுறையில் வைத்திருப்பதைத்தான் கேட்கிறேன்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் கொழும்பு மாகாணத்தைக் காட்டும், மாகாணம் கொழும்பைக் காட்டும். மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். தோட்டப் பாடசாலைகள் கிட்டத்தட்ட எல்லாமே மாகாணத்தின் கீழ்தான். சப்ரகமுவ மாகாண சபையின் காலம் 2017இலும், மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும், ஊவாவின் காலம் 2019இலும் முடிந்தன. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். ஒரு பெற்றோர் போய்க் கேள்வி கேட்கக்கூடிய, வாக்கு வாங்கிய மாகாணக் கல்வி அமைச்சர் என்று ஒருவரும் இல்லை. ஆகவேதான் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன்.

மலையகத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு தேர்தல்தோறும் வரும். வந்தால் மகிழ்ச்சி. ஆனால் எது முதலில் என்று என்னைக் கேட்டால், உயர்தர விஞ்ஞான வகுப்பும் அதற்கு ஓர் ஆய்வுகூடமும்தான் முதலில். தோட்டப் பிள்ளைகள் கணிசமாகப் படிக்கிற ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும், தமிழ் மொழியில் எல்லாப் பிரிவுகளும் உள்ள ஒரு 1 ஏபி பாடசாலையாவது இருக்க வேண்டும். பலகையில் 1 ஏபி என்று எழுதிவிட்டு ஆசிரியர் இல்லாமல் விடுவது வேண்டாம். அப்படித் தரம் உயர்த்தப்பட்டு, இரண்டே வருடத்தில் விஞ்ஞான வகுப்பு மூடப்பட்ட இடங்களை எனக்குத் தெரியும். நான்கு பாட ஆசிரியர்களும், அவர்கள் தங்க விடுதியும், ஆய்வுகூடமும் தயாரான பிறகு வகுப்பைத் தொடங்குங்கள்.

அந்தப் பாடசாலையோடு மாணவர் விடுதி கட்டாயம் வேண்டும், பெண்பிள்ளைகளுக்கு முதலில். தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. எந்த இடத்தில் பாடசாலை வைத்தாலும் பாதிப் பிள்ளைகளுக்கு அது தூரமாகத்தான் இருக்கும். விடுதி இல்லாத விஞ்ஞானப் பாடசாலை மறுபடியும் நகரத்துப் பிள்ளைகளுக்கே பயன்படும்.

முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையில் லயத்தில் வசிக்கும் குடும்பத்துக்கு வாக்காளர் இடாப்பும் தோட்டப் பதிவும் உறுதிப்பத்திரத்துக்குச் சமமான சான்றாக ஏற்கப்பட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, பேனா போதும். பழைய மாணவர் ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, அந்த இடங்களைக் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும், பலம் வாய்ந்தவர்களிடமிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரியும். இந்த அரசாங்கம் அந்த எதிர்ப்பைத் தாங்கக்கூடியது என்று நம்பித்தான் கேட்கிறேன். புலமைப்பரிசில் உதவித்தொகை தூரத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு உண்மையான விடுதிச் செலவைத் தாங்கும் அளவில் தனியாக நிர்ணயிக்கப்படட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உடனே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் நியமனம், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் அந்த வகுப்பறையில் நிற்கிறார்கள், எத்தனை பேர் இணைப்பில் வெளியே இருக்கிறார்கள் என்ற விபரத்தைப் பாடசாலை வாரியாகத் தவணைக்கு ஒருமுறை வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள், பாடசாலை வாசலிலும் ஒட்டுங்கள். பதிவேடுகள் வலயப் பணிமனைகளில் ஏற்கனவே இருக்கின்றன. இந்தத் தவணைக்குள்ளேயே ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, இரத்தினபுரி வலயங்களில் தொடங்க முடியும். பட்டியல் வந்தால் பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் அதைச் சரிபார்ப்பார்கள், ஓய்வு பெற்ற நாங்களும் உதவிக்கு வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
மலையகம்.